பசி ஆறியதா, தட்டு காலியானதா?

“டிரசர் ஐயா, நான் சீனியைத் தொடுறதே இல்லை. சோறும் ஒரு கைதான். அப்புறம் ஏன் இந்த இனிப்பு நீர் இறங்க மாட்டேங்குது?”

தோட்ட ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்த காலத்தில் இந்தக் கேள்வி காதில் விழாத வாரமே கிடையாது. கேட்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். வாலிபத் திமிர். “அப்படின்னா காத்தைக் குடிச்சா சீனி ஏறுது?” என்று ஒரு பெரியவரிடம் கேட்டும் விட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அடுத்த மாதம் மருந்து வாங்க வரவில்லை. நானே லயத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வர வேண்டியதாயிற்று.

அவர் சொன்னது பொய் இல்லை என்று எனக்குப் புரிய வெகு காலம் ஆனது. தாம் என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்கே தெரியாது. தோழர்களே, படிக்காதவர்களுக்குத்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். நேற்று விடிந்ததிலிருந்து எத்தனை தே குடித்தீர்கள், எத்தனை பிஸ்கோத்தை நனைத்துத் தின்றீர்கள், அடுப்படியில் நின்றபடி வாயில் போட்டது என்னென்ன என்று கேட்டால் எத்தனை பேர் சரியாகச் சொல்வீர்கள்? கை வாய்க்குப் போய்க்கொண்டே இருக்கிறது. மனசு பெரட்டுக் களத்தில் நிற்கிறது, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் நிற்கிறது, கடன்காரன் வீட்டு வாசலில் நிற்கிறது.

நம் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது “பசியாறியாச்சா?” என்றுதான். அருமையான சொல். பசி என்பது ஒரு சூடு. அது ஆறினால் போதும், சாப்பாட்டின் வேலை முடிந்தது. ஆனால் சாப்பிட உட்காரும்போது உண்மையில் பசி இருந்ததா, எத்தனையாவது கவளத்தில் அது ஆறியது என்று நாம் கவனிக்கிறோமா? பசி ஆறியதும் கையை எடுப்பவர் குறைவு. தட்டு காலியான பிறகு எடுப்பவர்தான் அதிகம்.

இந்தக் கவனிப்பைத்தான் இன்றைக்கு வைத்திய உலகத்தில் ‘மைண்ட்ஃபுல் ஈட்டிங்’ என்கிறார்கள். கவனம் வைத்துச் சாப்பிடுவது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அடிப்படையான மனப் பயிற்சியை 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஸின் என்பவர் ஆரம்பித்தார். புத்த சமயத்துத் தியானத்தில் கற்றதை, சமயத்தைத் தள்ளி வைத்துவிட்டு, நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதில் ஒரு பாடம் உண்டு. ஒரே ஒரு உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுப்பார்கள். அதைப் பார்க்க வேண்டும், தடவ வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், பிறகு வாயில் போட்டு மெல்ல மென்று விழுங்க வேண்டும். ஒரு திராட்சைக்கு ஐந்து நிமிஷமும் ஆகலாம்.

இதைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஐந்து நிமிஷத்தில் ஒரு தூக்குச் சோற்றை முடித்துவிட்டு வாளியைத் தூக்குகிறவர்களிடம் திராட்சைப் பாடமா? ஆனாலும் இதில் நமக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது. நம் கைக்கும் நம் வயிற்றுக்கும் தகுந்தபடி அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் இது ஏன் நம் கவலை என்று பார்ப்போம். மலேசிய சுகாதார அமைச்சு 2019இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 100க்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 100க்கு 31.4 பேர்! ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023 கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த அளவு 15.6 ஆகக் குறைந்தது. ஆனால் இனவாரியாகப் பார்த்தால் அப்போதும் நாம்தான் முதலிடம். வேறு எதிலாவது இந்த முதலிடம் கிடைத்திருக்கக் கூடாதா!

சோறு சீனியாவது எப்படி?

“சீனியைத் தொடுவதில்லை” என்பவர்கள் மறக்கும் ஒரு விஷயம் உண்டு. சோறு, ரொட்டி சானாய், மீ, மரவள்ளிக் கிழங்கு, தோசை எல்லாமே வயிற்றுக்குள் போய்ச் சீனியாகத்தான் மாறுகின்றன. ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நல்ல உடம்பில் கணையம் இன்சுலினைச் சுரந்து, அந்தச் சீனியை இரத்தத்திலிருந்து தசைக்குள் அனுப்பிவிடும். இனிப்பு நீர் உள்ளவருக்கு இன்சுலின் போதாது. இருப்பதும் சரியாக வேலை செய்யாது. அதனால் சீனி இரத்தத்திலேயே தங்கிக் கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று ஒவ்வொன்றாகக் கெடுக்கிறது.

வேகமாகச் சாப்பிடுவதில் இன்னொரு கேடு. குடலுக்குள் உணவு போனதும் “போதும்” என்று மூளைக்குத் தகவல் சொல்லும் சுரப்பு நீர்கள் உண்டு. அந்தத் தகவல் முழுதாய்ப் போய்ச் சேர ஏறக்குறைய 20 நிமிஷம் ஆகும் என்பார்கள். ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்தால் தகவல் வருவதற்கு முன்பே இரண்டாவது தட்டும் உள்ளே போயிருக்கும். அப்புறம் வயிறு கனத்துத் திண்ணையில் சாய வேண்டியதுதான்.

ரப்பர் கொட்டைக் கணக்கு

ஓர் அக்காவின் கதையைச் சொல்ல வேண்டும். பால் வெட்டுகிறவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். இனிப்பு நீரால் ஒரு கால் விரலை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். பக்கத்து விரலிலும் புண் தொடங்கிவிட்டது. மாத்திரையைத் தவறாமல் போடுவார். என்னிடம் வந்து, “ஐயா, நான் பத்தியமாத்தான் இருக்கேன். இந்தக் காலையும் எடுத்துட்டா நெறையை யார் வெட்டுறது? வீட்டை யார் பார்க்கிறது?” என்று அழுதார்.

பெரிய டாக்டர் கொடுத்த உணவு அட்டவணை ஒன்று அவர் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தது. மலாயில் அச்சடித்தது. அவருக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. சாப்பிட்டதை எழுதி வரச் சொல்லவும் வழியில்லை. யோசித்து, ஒரு பழைய பால் டின்னைக் கொடுத்தேன். “அக்கா, பச்சைத் தண்ணியைத் தவிர வேற எது வாய்க்குள்ள போனாலும் ஒரு ரப்பர் கொட்டையை இதில் போடுங்க. ஒரு துண்டு முறுக்கா இருந்தாலும் சரி. எதையும் நிறுத்த வேண்டாம், எதையும் குறைக்க வேண்டாம். கொட்டை மட்டும் போடுங்க.”

மறுநாள் சாயங்காலம் டின்னைக் கொண்டு வந்து மேசை மேல் கவிழ்த்தார். 17 கொட்டைகள்.

நானும் அவரும் உட்கார்ந்து ஒவ்வொரு கொட்டையாக ஒதுக்கினோம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மூன்று. தே நான்கு. மிச்சம் பத்து? காலை 4 மணிக்கு எழுந்து சமைக்கும்போது உப்புப் பார்த்தது. மகன் பாதியில் விட்டுப் போன ரொட்டி. பேரப்பிள்ளை மிச்சம் வைத்த பால் சோறு. பக்கத்து வீட்டில் கொடுத்த குவே. பால் வடியும் நேரத்தில் கூடவேலை செய்கிறவர் நீட்டிய கச்சான் பொட்டலம். இரவு எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருந்த சோறு. “வீணாக்க மனசு வரலீங்க ஐயா” என்றார்.

இதைக் கேட்டு எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த அக்கா ஆசைப்பட்டுத் தின்றது அந்தப் பத்தில் ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் வீட்டின் மிச்சம். அந்தக் காலத்தில் அரிசியை அளந்து கொடுத்த தோட்டத்தில் வளர்ந்தவர். பருக்கையைக் கொட்டினால் பாவம் என்று தாயார் சொல்லிக் கொடுத்ததைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். இது பத்தியத்துக்குக் கட்டுப்படாத குணம் என்று எப்படிச் சொல்வது?

அவரே ஒரு முடிவுக்கு வந்தார். மிச்சத்தைக் கோழிக்குப் போடுவது. உப்பை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்ப்பது. எல்லாரும் சாப்பிட்டு முடியட்டும் என்று காத்திராமல், கூடவே தட்டுப் போட்டு உட்காருவது. கடைசியாகச் சொன்னதுதான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்காரருக்கு முன் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கமே இல்லை. இரண்டு வாரம் கழித்து அந்த அண்ணனே என்னிடம் வந்து, “இப்பத்தான் அவ என்ன சாப்பிடுறான்னு எனக்கே தெரியுது டிரசர்” என்றார். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல்!

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனையில் எண் இறங்கியிருந்தது. டாக்டர் எதிர்பார்த்த இடத்துக்கு வரவில்லை, ஆனாலும் இறங்கியிருந்தது. டாக்டர் மருந்தையும் மாற்றினார். இரண்டும் சேர்ந்துதான் பலன் தந்தது என்பதை மறைக்க மாட்டேன். விரல் புண் ஆறியது. அவர் இன்னும் சில வருஷம் நெறை வெட்டினார்.

எப்படிச் செய்வது?

சாப்பிட உட்காரும் முன் ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். வயிற்றைக் கேளுங்கள்: பசியா, தாகமா, களைப்பா, கோபமா, அல்லது மணி அடித்துவிட்டது என்பதாலா? வெயிலில் வேலை செய்து வந்தவருக்குத் தாகமே பசி மாதிரி தோன்றும். முதலில் ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டுப் பாருங்கள்.

பிறகு தட்டைப் பாருங்கள். நம் அரசாங்கக் கிளினிக்குகளில் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்று படம் மாட்டியிருப்பார்கள். கால், கால், அரை என்று அர்த்தம். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு போன்றது, மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். நம் வீட்டுத் தட்டில் இது தலைகீழாக இருக்கும்; சோறு மலையாகவும் கீரை ஓரத்தில் ஒட்டிக்கொண்டும் இருக்கும். லயத்துக்குப் பின்னால் முருங்கை நிற்கிறது, பசளிக் கொடி படர்கிறது, பயத்தங்காய் காய்க்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதுகூட இல்லை. இருந்தும் அதை விருந்தாளி மாதிரி ஓரத்தில் உட்கார வைக்கிறோம்.

எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. நியூயார்க்கில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இனிப்பு நீர் உள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு தடவை, வரிசையை மாற்றிக் கொடுத்துப் பார்த்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். காய்கறியையும் கோழியையும் முதலில் தின்று, 15 நிமிஷம் கழித்து ரொட்டியைத் தின்றபோது, சாப்பிட்ட பிறகு ஏறும் சீனி நன்றாகக் குறைந்திருந்தது. பதினோரு பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனாலும் இதற்குச் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை. கீரையையும் மீனையும் முதலில் பாதி சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வையுங்கள்.

கையால் சாப்பிடுவது நமக்கு ஒரு வசதி. சோற்றின் சூடு, குழைவு, மீனின் முள் எல்லாம் விரலுக்குத் தெரியும். திராட்சைப் பாடம் சொல்லும் வெள்ளைக்காரர்கள் இதைத்தான் பாடுபட்டுக் கற்றுக்கொள்கிறார்கள்! சின்னக் கவளமாக எடுங்கள். வாயில் இருப்பதை விழுங்கிய பிறகு அடுத்ததைப் பிசையுங்கள். வாயில் ஒரு கவளமும் கையில் ஒரு கவளமும் தயாராக இருந்தால் அவசரம் என்று அர்த்தம். பாதித் தட்டில் ஒரு தடவை கையை நிறுத்தி, “இன்னும் பசி இருக்கா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் சாப்பிடுங்கள், தப்பில்லை. இல்லையென்றால் மூடி வையுங்கள். தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் அந்த நேரத்துக்கு அணைத்து வைக்கலாம். அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவருக்கு என்ன குழம்பு என்றுகூடச் சொல்லத் தெரியாது; என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன்.

தே தண்ணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். ஒரு குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டி டின் பால் ஊற்றினால் நான்கு தேக்கரண்டி சீனி போட்டது மாதிரி. நாளைக்கு நான்கு குவளை என்றால் பதினாறு தேக்கரண்டி. “நான் சீனி சேர்க்கிறதில்லை, பால் மட்டும்தான்” என்று சொல்வது இதைத்தான். டின்னில் வரும் குளிர் தண்ணியும் அப்படியே. 100 மில்லிக்கு 10 கிராம் சீனி என்று எழுதியிருந்தால், 325 மில்லி டின்னில் 32 கிராமுக்கு மேல். அரசாங்கம் 2019 ஜூலை முதல் இந்த இனிப்புத் தண்ணிகளுக்கு வரி போட்டது, பிறகு வரியை உயர்த்தியும் இருக்கிறது. நம் தே கடைக்கு அந்த வரி கிடையாது. நாமேதான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரேயடியாக நிறுத்த முடியாதவர்கள் “கோசோங்” என்று கேட்டுப் பழகுங்கள். முதல் வாரம் கசக்கும். அப்புறம் தேயிலையின் வாசமே தனியாகத் தெரியும்.

இது மருந்துக்குப் பதிலா?

இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2012இல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இன்சுலின் போடாத 52 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு எந்த உணவில் என்ன சத்து, எவ்வளவு சாப்பிடலாம் என்ற வழக்கமான பாடம். இன்னொரு பிரிவுக்குக் கவனம் வைத்துச் சாப்பிடும் பயிற்சி. மூன்று மாதம் நடந்தது. இரண்டு பிரிவிலும் எடையும் குறைந்தது, மூன்று மாதச் சீனிச் சராசரியும் குறைந்தது. இது மேல், அது கீழ் என்று சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆகவே கவனம் வைத்துச் சாப்பிட்டால் இனிப்பு நீர் ஓடிப்போகும் என்று யாராவது காசு வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்தினால் நம்பாதீர்கள். எந்த உணவில் எவ்வளவு மாவு என்ற அறிவும் வேண்டும், அதைத் தட்டின் முன்னால் ஞாபகப்படுத்தும் கவனமும் வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

மருந்தைப் பற்றி நானே செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். செம்பனைக் குலை வெட்டும் தம்பி ஒருவர். நாற்பது வயதுகூட இருக்காது. நான் சொன்னதைக் கேட்டு மிகவும் உற்சாகமாகி, மறுநாளே காலைச் சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டார். ஆனால் மாத்திரையைக் குறைக்கவில்லை. அவர் போட்டது கிளிக்ளசைட் என்ற வகை. பத்து மணி வாக்கில் வெளிக்காட்டில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டியிருக்கிறது. கையில் அரிவாள் கட்டிய நீளக் கம்பு! வெயில் என்று நினைத்துக் கூட இருந்தவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். நல்லவேளையாக ஒரு பெரிய மண்டோருக்கு விஷயம் தெரிந்து, போத்தலில் இருந்த இனிப்புத் தேயைக் குடிக்க வைத்தார். கம்பு யார் மேலும் விழவில்லை. அந்தத் தம்பியிடம் எந்த மாத்திரை போடுகிறாய் என்று நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஆகவே கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் ஊசி போடுகிறவர்களும் சோற்றைக் குறைப்பதற்கு முன் கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேளை தவறவும் கூடாது. மெட்ஃபோர்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சீனி அப்படித் திடீரென்று இறங்குவது அபூர்வம். எது உங்கள் மாத்திரை என்று தெரியாவிட்டால் அட்டையைக் கொண்டு போய்க் காட்டிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். கர்ப்பிணிகள் தாமாக எதையும் மாற்ற வேண்டாம்.

நடுக்கம், குளிர் வேர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் வந்தால் சீனி இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். குத்திப் பார்க்கும் கருவி இருந்து எண் 4க்குக் கீழே காட்டினால் நிச்சயம். கருவி இல்லாவிட்டாலும் காத்திராமல் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு நிழலில் உட்கார வேண்டும். 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்த பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மருந்து போடுகிறவர்கள் வெளிக்காட்டுக்குப் போகும்போது சட்டைப் பையில் சீனிப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். கூட வேலை செய்கிறவருக்கும், அவர் எந்த நாட்டுக்காரரானாலும், “எனக்குக் கென்சிங் மானிஸ்” என்று சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு நேரம் எங்கே?

“ஐயா, நிதானமா சாப்பிடச் சொல்றீங்க. குலைக்குத்தானே கூலி? நான் உட்கார்ந்து மென்னுக்கிட்டிருந்தா சம்பளம் யார் கொடுப்பா?” என்று அந்தத் தம்பியே பிறகு என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. நாம் அள்ளிப் போட்டுக்கொண்டு சாப்பிடுவது பேராசையால் வந்த பழக்கம் இல்லை, கூலிக் கணக்கால் வந்த பழக்கம். மரம் பால் வடித்து முடிப்பதற்குள், லாரி வருவதற்குள், மழை இறங்குவதற்குள் என்று பாட்டன் காலத்திலிருந்து கடிகாரத்தோடு ஓடிப் பழகிய வாய் இது.

ஆனால் தீபகற்பத்தில் அமலில் உள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது 30 நிமிஷம் ஓய்வு வேண்டும் என்று அதில் இருக்கிறது. பத்துப் பத்து நிமிஷமாகக் கொடுத்துவிட்டு ஓய்வு கொடுத்தேன் என்று கணக்குக் காட்ட முடியாது. இந்த அரை மணியை நாம் விட்டுக்கொடுக்கிற இடங்களில் யாரும் தாமாகக் கொண்டு வந்து கொடுக்க மாட்டார்கள். உங்கள் தோட்டத்தில் எப்படி நடக்கிறது என்று கமிட்டிக் கூட்டத்தில் பேசுங்கள். உட்கார்ந்து சாப்பிட ஒரு கொட்டகை, கை கழுவத் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். இனிப்பு நீர் உள்ளவருக்கு அந்த அரை மணி மருந்து வேளை மாதிரி.

அரை மணியும் கிடைக்காத நாளில் என்ன செய்வது? தூக்கில் சோற்றைக் குறைத்துப் பயறும் முட்டையும் கீரையும் அதிகமாக எடுத்துப் போங்கள். இருக்கிற பத்து நிமிஷத்தில் முதல் மூன்று கவளத்தையாவது கவனித்துச் சாப்பிடுங்கள். முதல் மூன்று கவளம் நிதானமாகப் போனால் மற்றதும் ஓரளவுக்கு அந்த வழியில் போகும். நான் பார்த்தவரையில் அப்படித்தான்.

கல்யாணம், தீபாவளி, கோயில் அன்னதானம் என்று வந்தால் இனிப்பு நீர் உள்ளவரை ஓரமாக உட்கார வைத்து, “உனக்கு வேணாம், உனக்கு வேணாம்” என்று இலையை மறைப்பார்கள். எனக்கு இது பிடிக்காது. அப்படி மறைக்கப்பட்டவர் சாயங்காலம் யாரும் பார்க்காத நேரத்தில் டப்பாவைத் திறப்பார். நின்றபடி, அவசரமாக, ருசிகூடத் தெரியாமல் நான்கைந்தை விழுங்குவார். அதைவிட எல்லார் முன்னாலும் ஓர் அதிரசத்தில் பாதியை எடுத்து, மெல்லக் கடித்து, வெல்ல வாசம் தெரியச் சாப்பிட்டுவிட்டு, அன்றைக்குச் சோற்றில் அதற்குத் தகுந்தபடி குறைத்துக்கொள்வது எவ்வளவோ தேவலாம். அந்த ரப்பர் கொட்டை அக்கா தீபாவளிக்கு அப்படித்தான் செய்வார். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாதி அவனுக்கு, பாதி தமக்கு.

வீட்டில் கருவி இருந்தால், சாப்பிடுவதற்கு முன் ஒரு தடவையும் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவையும் குத்திப் பார்த்து இரண்டு எண்ணையும் எழுதி வையுங்கள். தினமும் வேண்டாம், பட்டை விலை ஜாஸ்தி. வாரத்தில் ஒரு நாள் ரொட்டி சானாய் சாப்பிட்டு, இன்னொரு நாள் கீரையும் மீனும் முதலில் தின்று கால் தட்டுச் சோறு சாப்பிட்டுப் பாருங்கள். எது எவ்வளவு ஏற்றுகிறது என்று உங்கள் இரத்தமே சொல்லும். அந்தத் தாளை அடுத்த தடவை டாக்டரிடம் காட்டுங்கள். கருவி இல்லாதவர்களுக்கு டின்னும் ரப்பர் கொட்டையும் போதும். செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்கள் கூழாங்கல்லைப் போடுங்கள்.

அடுத்த இதழில் கால் புண்ணைப் பற்றி எழுதுகிறேன். பூட்ஸைக் கழற்றியதும் விரல் இடுக்கைப் பார்ப்பது எப்படி என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.